அக்டோபர் மேடிசன் ஆற்றில் ஸ்ட்ரீமர்: 5 வெயிட் ராடு போதுமா?

கேள்வி இதுதான்: அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஐந்து நாள் மொன்டானா பயணம். மேடிசன் ஆறு. போலி ஈயை எறிந்து பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங். கையில் இருப்பது 9 அடி 5 வெயிட் (லைனின் எடையைக் குறிக்கும் எண்) ராடும் மிதக்கும் லைனும். இதுவரை கோடையில் உலர் ஈயை, அதாவது நீர்மேல் நிற்கும் போலிப் பூச்சியை, மிதக்கவிட்டு மட்டுமே பழக்கம். நீருக்கடியில் சிறு மீன்போல நீந்தும் போலி இரையான ஸ்ட்ரீமரைக் கட்டினால் பெரிய ப்ரவுன் ட்ரவுட் அகப்படுமா, எந்த ஸ்ட்ரீமர் வாங்குவது?

அகப்படும். ஆனால் எந்த ஸ்ட்ரீமர் என்பதில்தான் எல்லோரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். பலன் மிகக் குறைவாக இருப்பதும் அதில்தான். ஸ்ட்ரீமர் எந்த ஆழத்தில், எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் மீனைக் கடந்து போகிறது என்பதுதான் மீன் கடிப்பதைத் தீர்மானிக்கிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் வூலி பக்கர் என்ற எளிய ஸ்ட்ரீமரில் கறுப்பு ஒன்றை மட்டும் வைத்து ஐந்து நாளையும் ஓட்டிவிடலாம். தவறினால் நாற்பது ஸ்ட்ரீமர் உள்ள பெட்டியும் வெறும் சுமை.

முதலில் மீனைப் பற்றி. ப்ரவுன் ட்ரவுட் அமெரிக்காவின் சொந்த மீன் அல்ல. 1883இல் ஜெர்மனியிலிருந்து சினையாக நியூயார்க்குக்கு வந்து, அங்கிருந்து பரவியது. ரெயின்போ, கட்த்ரோட் என்ற மற்ற ட்ரவுட் வகைகள் வசந்தத்தில் சினையிடுபவை. ப்ரவுன் சினையிடுவது இலையுதிர் காலத்தில். மேடிசனில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை அதன் காலம். அதற்கு முந்தைய சில வாரங்களில் பெரிய மீன்கள் இடம் மாறும், இடத்துக்காகச் சண்டையிடும், குளிருக்கு முன் கொழுப்பும் சேர்க்கும். கோடை முழுக்க இரவில் மட்டும் வெளியே வந்த மீன் பகலிலும் தென்படுவது இதனால்தான். எப்ஜன் ஏரியிலிருந்து யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் மேடிசன் வழியே மேலேறும் ப்ரவுன்கள் பெயர்பெற்றவை. அந்த ஓட்டம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். ஆகவே உங்கள் வாரம் நல்ல வாரம். இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போயிருந்தால், கண்ணுக்குத் தெரியும் மீன்களில் பாதியைத் தொடவே கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அது ஏன் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம். பெண் மீன் வாலால் அடித்துச் சரளையைக் கிளறிக் குழி பறித்துச் சினையிட்டு, மேலிருந்து சரளையைத் தள்ளி மூடும். முழங்கால் ஆழமோ அதற்கும் குறைவோ உள்ள நீரில், பாசி பிடித்த கற்களுக்கு நடுவே அரைப் பாய் அளவுக்கு வெளுத்துச் சுத்தமாக ஒரு சரளைப் பட்டை தெரிந்தால் அது சினைக்குழி. பெரும்பாலும் மடு முடிந்து நீர் மெலிந்து வேகமெடுக்கும் வாயில் இருக்கும். அதன்மேல் நிற்கும் மீனுக்கு ஸ்ட்ரீமர் போடாதீர்கள். அது பசியால் கடிப்பதில்லை, விரட்டுவதற்காகக் கடிக்கும். பிடிபட்டு இழுபட்டால் சினை வீணாகும். அதைவிடப் பெரிய சேதம் காலால் வருவது. மிதித்த சினைக்குழியில் எத்தனை முட்டை நசுங்கியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. குஞ்சு சரளையை விட்டு மேலே வருவது அடுத்த வசந்தத்தில்தான். அதுவரை அந்த இடம் நடைபாதை அல்ல. ஆற்றைக் கடக்க வேண்டுமானால் பெரிய கல் உள்ள இடத்திலோ மணல் தரையிலோ கடந்து போங்கள்.

இனி ராடு. 5 வெயிட் போதும், ஒரு வரம்புக்குள். 5 வெயிட் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன் எடை, அதாவது சுமார் 9 கிராம். 6 வெயிட்டுக்கு 160, 7 வெயிட்டுக்கு 185. ஃப்ளை ஃபிஷிங்கில் எறியப்படுவது லைனின் எடைதான், ஈ அதன் பின்னால் போகிறது. நனைந்த முயல் தோல் கட்டிய 10 செ.மீ. ஸ்ட்ரீமரை 140 கிரெய்ன் இழுத்துச் செல்லாது. அது பாதி வழியில் விழும், அல்லது உங்கள் காதில் வந்து குத்தும். 6 அல்லது 8 எண் முள்ளில் 5, 6 செ.மீ. நீளத்தில் கட்டியது என்றால் 5 வெயிட் தாங்கும். புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் 9 அடி 6 வெயிட் வாங்குங்கள். 7 வெயிட் என்பது நாள் முழுக்கப் படகிலிருந்து பெரிய இரட்டை முள் ஸ்ட்ரீமர் எறிபவர்களுக்கு. மேடிசனில் இறங்கி நடந்து பிடிக்க அது தேவையில்லை.

ராடை மாற்றுவதைவிட முக்கியமான செலவு ஒன்று உண்டு: மூழ்கும் லீடர், அதாவது லைனுக்கும் தங்கூசிக்கும் இடையே வரும் கனத்த துண்டு. மிதக்கும் லைனின் நுனியில் வளையத்தோடு வளையமாகக் கோத்துக்கொள்ளும் 5 அடி அதிவேக மூழ்கு லீடர் ஒன்று, 10 அடி ஒன்று. இரண்டும் சட்டைப் பையில் அடங்கிவிடும். ட்ரவுட்டுக்கான மெலிந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். சால்மனுக்கான கனமான வகை 5 வெயிட்டை முறித்துப் போட்டதுபோல் ஆக்கிவிடும். 6 வெயிட் உள்ளவர்கள் 150 முதல் 200 கிரெய்ன் வரையான மூழ்கு நுனி லைனையே தனி ஸ்பூலில் வைத்துக்கொள்ளலாம்.

மூழ்கும் லீடருக்கு முன்னால் கட்டும் தங்கூசி குட்டையாக இருக்க வேண்டும். உலர் ஈ பழக்கத்தில் 9 அடி கட்டினால், லீடர் தரையில் போகும், ஸ்ட்ரீமர் அதற்கு மேலே மிதந்துகொண்டு வரும். வாங்கிய காசு வீண். 3 அடி, அதிகம் போனால் 4 அடி. 1எக்ஸ் அல்லது 0எக்ஸ், அதாவது 0.25 முதல் 0.28 மி.மீ. தடிமன். மெலிதாக்க வேண்டியதில்லை, ஓடும் இரையைத் துரத்தும் மீன் தங்கூசியைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. 4எக்ஸ் போன்ற மெல்லியதில் கட்டினால் முதல் முரட்டுக் கடியிலேயே அறுந்துவிடும். மூழ்கும் லீடர் இல்லாமல் மிதக்கும் லைனோடு மட்டும் போடுவதென்றால் ஏழரை அடி: தடித்தது 3 அடி, நடுத்தரம் 2 அடி, கடைசி இரண்டரை அடி 1எக்ஸ். இதற்குத் தலை கனத்த ஸ்ட்ரீமர் வேண்டும்.

முடிச்சு: இறுக்கிக் கட்டும் கிளிஞ்ச் வேண்டாம். நழுவாத வளைய முடிச்சு, 4 அல்லது 5 சுற்று, வளையம் சுண்டுவிரல் நகத்தளவு. ஸ்ட்ரீமர் வளையத்துக்குள் தலையாட்டும்; இறுக்கிய முடிச்சில் அது குச்சி மாதிரி வரும்.

ஸ்ட்ரீமர்கள். மூன்று போதும். வூலி பக்கர், கறுப்பிலும் ஆலிவ் பச்சையிலும், எண் 6. இது 1967இல் பென்சில்வேனியாவில் ரஸல் பிளெஸ்ஸிங் கட்டத் தொடங்கியது. இன்றுவரை அதைவிட எளிதாகக் கட்டக்கூடியது வரவில்லை. நீங்களே கட்டுவதானால் நீளத் தண்டு முள், முன்னால் 4 மி.மீ. மணி, அதன் பின் 0.020 அங்குல ஈயமில்லாக் கம்பி 10, 12 சுற்று, தண்டளவுக்கு மராபூ என்ற பஞ்சு போன்ற இறகில் வால். வாலை அதைவிட நீளமாக விட்டால் இரண்டு கெடுதல்: எறியும்போது முள்ளைச் சுற்றிக்கொள்ளும், மீன் வாலைக் கவ்விவிட்டு முள்ளைத் தொடாமல் போகும்.

இரண்டாவது மட்லர் மின்னோ வகை. டான் கேப்பன் 1930களில் ஒன்டாரியோவின் நிப்பிகன் ஆற்றுக்காகக் கட்டியது. ஸ்கல்பின் என்ற சிறு மீனின் போலி அது. ஸ்கல்பின் எப்படி இருக்கும் என்றால் நம்மூர் உளுவையை நினைத்துக்கொள்ளுங்கள்: அகலத் தலை, குறுகும் உடல், கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்து, விரட்டினால் மட்டும் ஒரு முழம் பாய்ந்து மறுபடி படுத்துக்கொள்ளும். மேடிசன் கற்களுக்கடியில் இவை ஏராளம். மட்லரின் தலை மான் மயிர் என்பதால் மிதக்கப் பார்க்கும். மூழ்கும் லீடரோடு போட்டால்தான் பயன். மூன்றாவது, வெளிர் மஞ்சளிலோ வெள்ளையிலோ முயல் தோல் கீற்றுக் கட்டிய ஸோன்கர், 6 செ.மீ. மலைவாழ் வொயிட்ஃபிஷின் குஞ்சுக்கும், அந்த ஆண்டின் ட்ரவுட் குஞ்சுக்கும் பொருந்தும். ‘வெயிலுக்கு வெளிர், மேகத்துக்குக் கறுப்பு’ என்ற விதியை நம்பி மணிக்கொரு முறை நிறம் மாற்றுவது வீண் வேலை. நிறத்தை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றிப் பாருங்கள்.

எங்கே போடுவது என்பது ஆற்றின் பகுதியைப் பொறுத்தது. க்வேக் ஏரி 1959 ஆகஸ்டு நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டானது. அதற்குக் கீழே என்னிஸ் ஊர் வரை மேடிசனுக்கு மடு என்று சொல்லும்படி அதிகம் இல்லை. கல்லும் நுரையுமாக நீண்ட ஒரே ஓட்டம். இங்கே ஆற்றை ஆறாகப் பார்க்காமல் ஒவ்வொரு பாறையையும் தனித்தனியாகப் பாருங்கள். பாறையின் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் நீர் மோதித் தணியும் ஒரு மெத்தை இருக்கிறது. பெரிய மீன் அங்கே நிற்கும். கரையை ஒட்டி நீர் குடைந்த பகுதியில் ஸ்ட்ரீமர் கரையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் விழ வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் அது வேறு ஆறு. க்வேக் ஏரியிலிருந்து லயன்ஸ் பாலம் வரை படகிலிருந்து மீன் பிடிக்க அனுமதியில்லை என்பதால், நடந்து பிடிப்பவருக்கு அந்தப் பகுதி வசதி. பூங்காவுக்குள் கதை வேறு. அங்கே ஆறு புல்வெளியில் வளைந்து போகிறது. மேலேறும் மீன்கள் நடை வேகத்தில் நகரும் ஆழமான கசங்களில் தங்கி இளைப்பாறும். ஒரு கசத்தில் இருபது மீன் இருக்கலாம், அடுத்த அரை மைலில் ஒன்றும் இருக்காது.

இப்போது ஆழம். ஸ்ட்ரீமர் மூழ்காததற்குப் பெரும்பாலும் எடைக்குறைவு காரணமல்ல, லைன் இறுக்கம்தான் காரணம். ஆற்றோட்டம் லைனின் நடுவயிற்றைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. லைன் இறுகிய கணமே ஸ்ட்ரீமர் மேலெழுந்து ஓடத் தொடங்குகிறது. கணக்காகப் பாருங்கள்: விநாடிக்கு 15 செ.மீ. மூழ்கும் ஸ்ட்ரீமர் 45 செ.மீ. இறங்க 3 விநாடி வேண்டும். நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் அந்த நேரத்தில் 3 மீட்டர் கீழே போயிருக்கும். ஆகவே பாறைக்கு 3 மீட்டர் மேலே எறிய வேண்டும். விழுந்த உடனே ராடு நுனியால் லைனை மேலோட்டப் பக்கம் தூக்கிப் போட்டு, அந்த 3 விநாடியும் தளர்வு கொடுக்க வேண்டும். தளர்வு முடிந்த பிறகு எத்தனை முறை லைனைத் தூக்கிப் போட்டாலும் ஸ்ட்ரீமர் இறங்காது. அது முதல் இரண்டு விநாடிக்குள் செய்யும் வேலை. பத்து எறிதலில் ஒருமுறைகூட அடிக்கல்லைத் தட்டவில்லை என்றால் மேலே போகிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் தட்டினால் 5 அடி லீடருக்கு மாறுங்கள்.

கோணமும் வேகமும் நீரின் குளிர்ச்சியைப் பொறுத்தவை. ஆகவே ஒரு வெப்பமானி வாங்குங்கள். ஸ்ட்ரீமர் ஒன்றின் விலையைவிடச் சற்று அதிகம், பத்து ஸ்ட்ரீமரைவிடப் பயன். நீர் 9, 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் மீன் துரத்தும். அப்போது எதிர்க்கரை நோக்கி நேர்குறுக்காகவோ சற்றுக் கீழ்நோக்கியோ எறிந்து, ஸ்ட்ரீமர் தன் பக்கவாட்டு உடலை மீனுக்குக் காட்டும்படி வேகமாகக் கொண்டுவாருங்கள். மேடிசன் கரையில் பல காலம் கடை நடத்திய கெல்லி கேலப் பரப்பிய ஜெர்க்-ஸ்ட்ரிப் இதற்குத்தான். ராடு நுனி தண்ணீரைத் தொடுமளவுக்குத் தாழ்ந்து, ஸ்ட்ரீமரை நோக்கி இருக்கட்டும். நுனியைக் கீழோட்டப் பக்கம் ஒரு முழம் வெடுக்கென இழுத்து, உடனே பழைய இடத்துக்குக் கொண்டுபோய், அதனால் வந்த தளர்வை மட்டும் மற்றக் கையால் உள்ளே எடுங்கள். ஸ்ட்ரீமரை நகர்த்துவது ராடு. கை தளர்வை மட்டும் வாங்குகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் தொடக்கக்காரர் தவறு: இழுவை இரட்டிப்பாகி, நடுவில் வர வேண்டிய நிறுத்தம் காணாமல் போகும். பெரும்பாலான கடி அந்த நிறுத்தத்தில்தான் விழும்; அடிபட்ட மீன் தயங்கும் கணம் அது.

நீர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இதெல்லாம் வேண்டாம். கீழ்நோக்கி 45 டிகிரியில் எறிந்து, தளர்வு கொடுத்து மூழ்கவிட்டு, பிறகு லைன் தானாகவே கரைப் பக்கம் வளைந்து வர விடுங்கள். இடையிடையே விரல் நீளத்துக்கு ஒரு சுண்டல் போதும். வளைவு முடிந்து ஸ்ட்ரீமர் உங்களுக்கு நேர் கீழே வந்து நின்றதும் எடுத்துவிடாதீர்கள். ஐந்து விநாடி தொங்கவிட்டு, ஒரு சாண் வீதம் இரண்டு மூன்று இழுப்பு. பின்னாலேயே வந்த மீன் அங்கே முடிவெடுக்கும். ஓரிரு எறிதல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு, பிறகு இரண்டு அடி கீழே நகர்தல். ஒரே இடத்தில் நின்று முப்பது முறை எறிவது உலர் ஈ பழக்கம். ஸ்ட்ரீமருக்குக் கடிக்கிற மீன் முதல் சில முறையிலேயே வந்துவிடும்.

கடித்ததும் ராடைத் தூக்காதீர்கள். உலர் ஈ பழகியவருக்கு இதைவிடக் கடினமான பாடம் இல்லை. நுனியை அப்படியே தாழ்த்தி வைத்து, லைன் கையால் ஒரே நீண்ட இழுப்பு. கனம் தெரிந்த பிறகு ராடு மேலே போகலாம். இதன் நியாயம் எளிது: தூக்கினால், மீன் சரியாகக் கவ்வியிராதபோது ஸ்ட்ரீமர் தண்ணீரை விட்டே வெளியேறிவிடும். கையால் இழுத்தால் ஒரு முழம் நகரும், அவ்வளவுதான்; மீன் திரும்பி வந்து மறுபடி அடிக்கும். பின்தொடர்ந்து வருகிறது, கடிக்கவில்லை என்றால் கை தானாக மெதுவாகும். அதைச் செய்யாதீர்கள், துரத்தப்படும் இரை காத்து நிற்காது. வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது ராடை மறுபக்கம் சாய்த்துத் திசையை மாற்றுங்கள். அப்படியும் திரும்பிவிட்டால் ஐந்து நிமிடம் அந்த இடத்தை விட்டுவைத்து, சிறிய, இருண்ட ஸ்ட்ரீமரோடு வேறு கோணத்தில் வாருங்கள். மீன் தொட்டுத் தொட்டு விட்டுப் போனால் முள் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது; கல்லில் தட்டும் ஸ்ட்ரீமருக்கு இது ஒரு மணி நேரத்தில் நடக்கும்.

எறிதலில் மாற வேண்டியது: மூழ்கிய லைனை அப்படியே தூக்கிப் பின்னால் வீச முடியாது, ராடு முறியலாம். உள்ளே இழுத்து, ஒரு ரோல் காஸ்ட்டால் (பின்னால் வீசாமல் லைனை முன்னால் உருட்டிவிடும் எறிதல்) லைனை நீர்ப்பரப்புக்குக் கொண்டுவந்து, அது நீட்டி விழுந்த உடனே எடுத்து ஒரே பின்வீச்சு, ஒரே முன்வீச்சு. காற்றில் நாலைந்து முறை ஆட்டுவது முள்ளை முதுகுக்கு அழைப்பது. பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகவும் முன்வீச்சைத் தலைக்கு மேலேயும் வட்டமாகச் செய்தால், கனத்த ஸ்ட்ரீமர் சுண்டாமல் வரும். என்னிஸ் பள்ளத்தாக்கில் காற்று வழக்கமான விஷயம். அது எறியும் தோள் பக்கமிருந்து அடித்தால் எதிர்த் தோளுக்கு மேலாக எறியுங்கள். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் ஸ்ட்ரீமர் எறிய வேண்டாம். 12 மீட்டர் தாராளம்; தூரம் கூடக் கூட நடுவில் ஓட்டம் லைனைத் தின்னும்.

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு பகுதிக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. பூங்காவின் கசங்களில் மீன் மங்கல் ஒளியில் நகரும். விடியலும் பொழுது சாய்வும்தான், குளிரைத் தாங்கித்தான் ஆக வேண்டும். ராடு வளையங்களில் பனி கட்டும். நீரில் முக்கி உருக்குங்கள், விரலால் உடைத்தால் வளையம் கழன்றுவிடலாம். கீழ்ப் பகுதியில் இரவு உறைந்திருந்தால் காலை பத்து மணிக்கு முன் அவசரமில்லை; நீர் இரண்டு டிகிரி ஏறும் பிற்பகல்தான் நேரம். மேகமூட்டமும் தூறலும் வந்தால் இரண்டு இடத்திலும் நாள் முழுக்க நில்லுங்கள். தெளிந்த நீலவானம் என்றால் நிழல் விழும் கரையை மட்டும் தேடுங்கள்.

இந்தப் பருவத்துக்கே உரிய ஒரு தொல்லை, காட்டன்வுட் மரத்தின் இலைகளும் வேரறுந்து வரும் பாசியும். முள்ளில் ஒரு நூல் பாசி இருந்தாலும் மீன் தொடாது. ஒவ்வொரு எறிதலுக்குப் பின்னும் முள்ளைப் பாருங்கள். இலை அதிகமானால் நீண்ட வளைவை விட்டுவிட்டு, பாறைக்குப் பாறை குட்டையாக எறிந்து எடுங்கள். ஊட்டி அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் பார்த்தவர்கள் இதையெல்லாம் அங்கேயும் செய்து பார்க்க நினைக்கலாம். நீலகிரியில் இருப்பது ரெயின்போ. அதன் சினைப்பருவமும் வேறு, இந்த அக்டோபர் ஓட்டம் அங்கே கிடையாது.

பிடித்த மீனை வலையிலேயே, நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். ரப்பர் வலை, நனைந்த கை. பிடிக்கும்போது சினையோ விந்தோ கசிந்தால் படமெடுக்கத் தூக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

காகித வேலை: மொன்டானாவுக்கு மூன்று சீட்டு வேண்டும் — பாதுகாப்பு உரிமம், நீர்வாழ் அயலுயிர் தடுப்புச் சீட்டு, மீன்பிடி உரிமம். அவை பூங்காவுக்குள் செல்லாது. அங்கே தனி அனுமதி. பூங்காவின் மேடிசனில் ஃப்ளை மட்டுமே, முள்ளில் எதிர்முள் (முனைக்கருகே பின்னோக்கி நிற்கும் கூர்) கூடாது, ஈயம் கூடாது, கம்பளி அடிப்பாகம் உள்ள வேடிங் ஷூ கூடாது. பொதுப் பருவம் அக்டோபர் 31 உடன் முடிகிறது. எந்தப் பகுதிக்கு என்ன விதி என்பதை அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்முள்ளை எல்லாக் கொக்கியிலும் வீட்டிலேயே குறடால் நசுக்கிவிட்டால் எந்தப் பக்கமும் கவலையில்லை.

வேடருக்கு (நீரில் இறங்க அணியும் நீர்புகா உடை) மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். தடுக்கி விழுந்தால் நீர் உள்ளே நிறைவதைத் தடுப்பது அது ஒன்றுதான். மேடிசன் அடிக்கற்கள் எண்ணெய் தடவியதுபோல் இருக்கும், ஊன்றுகோல் வெட்கப்பட வேண்டிய பொருள் அல்ல. குளிர்த்தூக்கத்துக்கு முன் கரடிகள் இரைக்காக நாள் முழுக்க அலையும் மாதமும் இதுதான். கரடியை விரட்டும் பெப்பர் தெளிப்பானை முதுகுப் பையில் வைத்தால் இல்லாததற்குச் சமம். நெஞ்சிலோ இடுப்பிலோ, லைன் பிடிக்கும் கைக்கு எட்டும்படி மாட்டுங்கள். ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போகுமுன் ஷூவையும் வேடரையும் சேறு போகக் கழுவி முழுக்கக் காயவிட வேண்டும். அக்டோபர் குளிரில் ஒரே இரவில் காயாது, ஆகவே ஐந்து நாளில் பூங்காவும் கீழ்ப் பகுதியும் இரண்டும் திட்டத்தில் இருந்தால் இன்னொரு ஜோடி ஷூ வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.